அக்கரையில் மூட்டிய அடுப்பு

சிங்கப்பூரில் தமிழ் முஸ்லிம்கள் வாழ்ந்த வரலாற்றை எழுதப் புகுவோர் மூன்று கட்டடங்களைச் சுட்டித் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826ஆம் ஆண்டில் தோன்றிய சூலியா பள்ளிவாசல் ஒன்று. தெலுக் ஆயர் தெருவில் 1827இல் ஓலைக் குடிலாக எழுந்து, அதனாலேயே ‘குச்சுப் பள்ளி’ என்று பெயர் பெற்ற அல்-அப்ரார் பள்ளிவாசல் மற்றொன்று. அதே தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையே கட்டப்பெற்ற நாகூர் தர்கா மூன்றாவது. ஆங்கிலேயர் அத்தீவில் கால் வைத்ததே 1819இல்தான். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் சோழமண்டலக் கரையின் மக்கள் அங்கே தொழவும் ஓதவும் இடம் அமைத்துக்கொண்டனர் என்பது நாம் பெருமைப்படத் தக்க செய்தியே. 1974இல் அந்நாட்டரசு இம்மூன்றையும் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவித்துக் காத்து வருகிறது.

கட்டடத்திற்கு அடுத்தபடி அச்சுக்கூடத்தைச் சொல்வார்கள். 1887இல் தொடங்கிய ‘சிங்கை நேசன்’ வார இதழையும், அதனை நடத்திய மகுதூம் சாயபு அவர்களையும் குறிப்பிடாத நூலில்லை. அதற்கு முன்பே, 1872இல், நாகூர்ப் புலவர் ஒருவரின் ‘முனாஜாத்துத் திரட்டு’ அங்கே அச்சேறியது. இவையெல்லாம் மெய், போற்றத்தக்கவை.

ஆயினும் இந்நூல்களைப் படிக்குந்தோறும் நம் உள்ளத்தில் எளிய ஐயம் ஒன்று எழுவதுண்டு. பள்ளிவாசல் கட்டியவர்களுக்கும் பத்திரிகை நடத்தியவர்களுக்கும் சோறு ஆக்கியவர் யார்? அவர்தம் பிள்ளைகள் எங்கே வளர்ந்தனர்? நோயுற்றபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்த கை எது? வரலாறு இவ்விடத்தில் வாய் திறப்பதில்லை. திறவாமைக்குக் காரணம் உண்டு. அம்முன்னோருள் பெரும்பாலோர் வீட்டை இக்கரையில் வைத்துவிட்டு ஆளை மட்டும் அக்கரைக்கு அனுப்பியவர்கள். சிங்கப்பூரில் அவர்களுக்குக் கடை இருந்தது, பள்ளி இருந்தது, மையவாடி இருந்தது, வீடு இருந்ததில்லை. தமிழ் முஸ்லிம் குடும்பம் என்ற ஒன்று அந்நகரில் எப்போது, எவரால், எவ்வாறு உண்டாயிற்று என்பதையே நாம் இக்கட்டுரையில் கூற முற்படுகிறோம்.

‘ஊர்’ என்பது எது என்ற வினாவுக்கு நம் பிக்ஹு நூல்கள் நுட்பமான விடை வைத்திருக்கின்றன. பயணத்தொழுகையின் சட்டங்களைக் கூறுமிடத்தில் ஹனஃபி அறிஞர்கள் ‘வதன்’ என்னும் சொல்லை வகைப்படுத்துவர். பதினைந்து நாளோ அதற்கு மேலோ தங்குவதாக நிய்யத்துச் செய்த இடம் ‘வதன் இகாமத்’; தங்குமிடம் என்று பொருள். அங்கே தொழுகையை முழுமையாகவே தொழவேண்டும். எனினும் அவ்விடத்தை விட்டுப் பயணம் புறப்பட்ட மாத்திரத்தில் அந்தத் தன்மை நீங்கிவிடும். ‘வதன் அஸ்லீ’ என்பது வேறு. பிறந்த ஊர், அல்லது மனைவியுடன் இல்லறம் நடத்தும் ஊர், அல்லது இனி இங்கிருந்து பெயர்வதில்லை என்று உறுதி கொண்ட ஊர் அது. எத்தனை ஆண்டு கழித்து வந்தாலும், ஒரே நாள் தங்கினாலும், அங்கே கால் வைத்ததும் மனிதன் பயணி அல்லன்.

இல்லறம் நடத்துவதை அந்நூல்கள் ‘தஅஹ்ஹுல்’ என்னும். ‘அஹ்ல்’ ஆகிய குடும்பத்தை உடையவனாதல் என்பது அதன் பொருள். கலீஃபா உத்மான் (ரலி) அவர்கள் ஹஜ்ஜின்போது மினாவில் இரண்டு ரக்அத்தாகச் சுருக்காமல் நான்காகத் தொழுததற்கு, மக்காவில் தாம் குடும்பம் ஏற்படுத்திக்கொண்டதைக் காரணமாகக் கூறினார்கள் என்று ஓர் அறிவிப்பு உண்டு. அதன் தொடரில் அறிஞர்கள் குறை கண்டிருக்கிறார்கள். ஆயினும் அக்கருத்து பிக்ஹில் ஊன்றி நிற்கிறது. இருவேறு ஊர்களில் இரு மனைவியர் இருப்பின் இரண்டும் அவனுக்கு வதன் அஸ்லீ என்றும் எழுதியிருக்கிறார்கள். நம் மொழியும் இதற்கு மாறாகப் பேசவில்லை. இல்லுக்கு உரியவளை இல்லாள் என்று சொன்ன தமிழ், ஆடவனுக்கு அதற்கு ஒத்த சொல்லை ஆக்கி வைக்காததைத் தமிழறிந்தோர் சுட்டிக்காட்டுவர்.

இவ்வளவுகோலைக் கையில் கொண்டு பார்ப்போமாயின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் சிங்கப்பூர், நாகூர், நாகப்பட்டினம், கீழக்கரை, கூத்தாநல்லூர் மக்களுக்கு வதன் இகாமத்தாகவே இருந்தது விளங்கும். அவர்களைக் கடலோர ஊர்களில் ‘சபுராளி’ என்பர். ஸபர் என்ற அரபுச் சொல்லை எடுத்துத் தமிழ் விகுதி ஒட்டி நம் பாட்டிமார் ஆக்கிய பெயர் அது. இருபது ஆண்டு வெளியூரில் இருந்தவனையும் ‘பயணத்தில் உள்ளவன்’ என்றே அப்பெயர் சொல்லுகிறது. பிக்ஹுப் படித்த ஆலிம் சொன்னாலும் இதைவிடச் சரியாகச் சொல்லியிருக்க இயலாது.

சபுராளியின் நாள் எத்தகையது? கீழே கடை, மேலே மாடி. ஒரே ஊர்க்காரர் பலர் ஓரறையில் பாய் விரித்துப் படுப்பர். சமைப்பதற்குப் பண்டாரி ஒருவர் இருப்பார்; செலவை மாத முடிவில் பங்கிடுவர். நாணயமாற்று, துணி, பலசரக்கு, உணவுக்கடை என்று தொழில் எதுவாயினும் வாழ்க்கை ஒன்றே. இரண்டு மூன்று ஆண்டு உழைத்தபின் சில மாத விடுப்பில் ஊர் வருவர். மணம் முடித்ததும் அப்படிப்பட்ட விடுப்பில்தான். பிள்ளை பிறந்த செய்தி கிடைப்பது கடிதத்தில்தான். அப்பிள்ளையை முதன்முதல் காண்பது அது ஓடியாடும் பருவத்தில்தான். ‘யார் இந்த மனிதர்?’ என்று தாயின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்ட பிள்ளைகளைப் பற்றிய கதை சொல்லாத தெரு நம் கடற்கரை ஊர்களில் உண்டா?

கடிதங்களைப் பற்றித் தனியே எழுதவேண்டும். தமிழ் நெடுங்கணக்கு அறியாத பெண்கள் பலர் அரபுத்தமிழ் அறிந்திருந்தனர். குர்ஆன் ஓதக் கற்ற எழுத்தைக்கொண்டே தமிழை எழுதவும் படிக்கவும் அவர்களால் முடிந்தது. பள்ளிக்கூடம் காணாத பெண்ணொருத்தி, கணக்குப்பிள்ளையின் உதவியின்றித் தன் கணவனுக்குத் தன் கையால் எழுத முடிந்ததென்றால் அதற்கு வழி செய்தது அரபுத்தமிழே. மார்க்க நூல்களை எழுத உதவியது என்பதற்காகவே அவ்வெழுத்தை நாம் புகழ்கிறோம். இல்லறத்தை ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பாலும் அறுந்துவிடாமல் பிடித்து வைத்ததும் அதன் தொண்டுகளுள் ஒன்று என்பதை எவரும் எடுத்து எழுதக் காணோம். எவ்வெழுத்தும் அறியாதார்க்குக் கடிதம் படித்துக் காட்டும் பணி மதரஸா மாணவர்க்கு வாய்ப்பதுண்டு. நமக்கும் இளமையில் வாய்த்தது. கதவுக்குப் பின்னிருந்து, ‘அந்த வரியை இன்னொரு தரம் படி தம்பி’ என்று வரும் குரலை அப்பணி செய்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

எல்லாச் சபுராளிகளும் மாடியில் தனியே காலங்கழித்தவர்கள் என்று எழுதிவிட்டால் அது முழு உண்மையாகாது. மலாய்ப் பெண்களை மணந்து அங்கேயும் இல்லறம் நடத்தியவர்கள் பலர். அக்குடும்பங்களின் வழித்தோன்றல்களே பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ‘ஜாவி பெரானக்கான்’ என்று பெயர் பெற்ற சமூகத்தார். மலாய் மொழியின் தொடக்ககால இதழ்களுள் ஒன்றை 1876இல் சிங்கப்பூரில் நடத்தியவர்களும் அவர்களே. இரண்டு ஊரிலும் மனைவி. இரண்டும் வதன் அஸ்லீ. சட்டம் இதனை ஏற்கிறது. ஆனால் ஊர் திரும்பியவர்கள் எல்லாரும் அங்கிருந்த மனைவி மக்களுக்கு நீதி செய்தார்களா என்றால், செய்யாதவரும் இருந்தனர் என்றே சொல்ல வேண்டும். மலாய் மக்கள் இதற்கு ஒரு காப்பு வைத்திருந்தனர். நிக்காஹ் முடிந்ததும் மணமகன் ‘தஅலீக்’ என்னும் நிபந்தனையை வாய்விட்டுச் சொல்வான்: குறித்த சில மாதங்கள் மனைவியைப் பிரிந்து செலவுக்குக் கொடாது விட்டால், அவள் காஜியிடம் முறையிட்டதும் ஒரு தலாக் நிகழ்ந்துவிடும் என்பது அதன் சாரம். கடலோடிகளின் நாட்டில் பெண்ணைப் பெற்றவர்கள் கண்ட வழி இது. நம் கடற்கரை ஊர்களும் கடலோடிகளின் ஊர்களே. நம்மவர் பிக்ஹிலும் நிபந்தனைத் தலாக்குக்கு இடம் உண்டு. ஆயினும் இத்தகைய காப்பு நம் திருமணங்களில் வழக்கமாக வேரூன்றவில்லை என்பதை எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும்.

இனி நம் கதைக்கு உரியவர்களிடம் வருவோம். கடையநல்லூரும் தென்காசியும் கடற்கரை ஊர்கள் அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருப்பவை. வணிகக் கப்பலும் மரைக்காயர் மாளிகையும் அங்கே இல்லை. தறியே தொழில். ஆலைத்துணி சந்தையை நிறைத்தபின் தறி சோறு போடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவ்வூர்களிலிருந்து கிளம்பியவர்கள் சிங்கப்பூர் சென்றனர். முதலில்லாதவர்களாகையால் கடை வைக்க முடியவில்லை. துறைமுகத்தில் மூட்டை சுமந்தனர், காவல் நின்றனர், தெருவில் கூவி விற்றனர். சிங்கைத் தமிழ் முஸ்லிம்களின் படிவரிசையில் அவர்கள் கீழ்ப்படியில் இருந்தவர்கள் என்பதை மறைப்பதற்கில்லை.

அந்தக் கீழ்ப்படியினர்தாம் செல்வர்கள் செய்யாத ஒன்றைச் செய்தனர். அவர்கள் மனைவி மக்களோடு சென்றனர்.

ஏன் என்பதற்கு ஆய்வாளர்கள் வறுமையைக் காரணம் காட்டுவர். ஊரில் விட்டுச்செல்லச் சொத்தில்லை. இரண்டு இடத்தில் உலை வைக்க வருவாய் இல்லை. இது சரியே. ஆனால் இதனோடு தறியையும் எண்ண வேண்டும் என்பது நம் கருத்து. நெசவு ஒருவர் செய்யும் தொழிலன்று. ஆடவன் தறியில் அமர்ந்தால் பெண் நூல் சுற்றுவாள். பிள்ளைகள் தார் போடும். பாவு ஓட்டவும் கஞ்சி போடவும் வீடே வெளியில் வரும். கணவன் உழைப்பான், மனைவி காத்திருப்பாள் என்ற வணிகர் வழக்கம் அக்குடிகளில் இருந்ததில்லை. சேர்ந்து உழைத்துப் பழகிய குடும்பம் சேர்ந்தே கப்பல் ஏறியது.

1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்போது சிங்கப்பூரின் இந்தியருள் ஏறத்தாழ ஐந்து ஆடவர்க்கு ஒரு பெண் என்ற அளவே இருந்தது. அப்படிப்பட்ட ஊரில் பெண்டு பிள்ளைகளுடன் இறங்கிய மக்கள் எப்படிப் பார்க்கப்பட்டிருப்பர் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அவர்கள் தங்கியது துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகார் வட்டாரம். அந்நாளைய கடைவீடுகளின் மாடிகளைப் பலகைத் தட்டிகளால் அறுத்துச் சிறு சிறு அறைகளாக வாடகைக்கு விடுவர். சன்னல் இல்லாத அறைகள் அவற்றுள் பல. அத்தகைய ஓரறையில் ஒரு குடும்பம். சமையலறையும் குழாயும் பல குடும்பங்களுக்குப் பொது. ஊரில் கூரை வீடாயினும் முற்றமும் கிணற்றடியும் கண்டு பழகிய பெண்ணுக்கு அந்த இருட்டறை எவ்வாறு இருந்திருக்கும்!

ஆனால் அப்பெண்கள் இருட்டறைக்குள் முடங்கவில்லை. அம்மியும் உரலும் அவர்களுக்குப் படியளந்தன. மிளகாயும் மல்லியும் மஞ்சளும் சீரகமும் வறுத்து இடித்தும், நீர்விட்டு அம்மியில் அரைத்தும் விற்பனை செய்தனர். மலாய்க்காரர் ‘ரெம்பா’ என்று சொல்லும் அரைத்த மசாலாவின்றி அந்நாட்டில் சமையல் இல்லை. எனவே வாங்கியவர்கள் நம்மவர் மாத்திரம் அல்லர். கறிக்கு வேறு, மீனுக்கு வேறு, குருமாவுக்கு வேறு என்று கேட்டவாறு கூட்டிக் கொடுக்கும் கைப்பக்குவத்தால் கடையநல்லூர்ப் பெண்கள் பெயர் பெற்றனர். துறைமுகத்தில் வேலை இல்லாத நாளில் அடுப்பெரித்தது இந்தக் காசுதான். கோஷா முறையை வலியுறுத்தும் நூல்களை நாமும் பாடமாக ஓதியிருக்கிறோம். மிளகாய் நெடியில் கண்ணெரிய உலக்கை பிடித்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த அப்பெண்களிடம் அந்நூல்களை நீட்டும் துணிவு நமக்கு இல்லை.

கப்பல் பயணத்தையும் சிறிது சொல்லிச் செல்வோம். நாகப்பட்டினத்தில் ஏறினால் பினாங்கு, கிள்ளான் துறைமுகம் வழியாகச் சிங்கப்பூர். 1926இல் கட்டப்பெற்ற ‘ரஜுலா’ கப்பலை அறியாத சபுராளி வீடு இல்லை. 1973 வரை நம்மவரைச் சுமந்த கப்பல் அது. மேல்தட்டில் பாய் விரித்து இடம்பிடித்துச் செல்லும் ஏழைப் பயணிகளைச் செயின்ட் ஜான்ஸ் தீவில் நோய்த் தடுப்புக்காகச் சில நாள் வைத்திருந்தே நகருக்குள் விடுவர். கைக்குழந்தையோடு இவ்வளவையும் கடந்தவர்களை ‘கூடவே போனவள்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம்.

1941இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றியது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் நகரம் ஜப்பானியர் வசமாயிற்று. கடல் அடைபட்டது, கடிதமும் பணமும் நின்றன. 1945 செப்டம்பர் வரை ஏறத்தாழ மூன்றாண்டு ஏழு மாதம், சபுராளியின் மனைவி சுமங்கலியா கைம்பெண்ணா என்பதை அறிவார் இல்லை. காணாமற் போனவனைப் பிக்ஹில் ‘மஃப்கூத்’ என்பர். அவன் ஒத்த வயதினர் எல்லாம் இறக்கும் காலம்வரை மனைவி காத்திருக்கவேண்டும் என்பது ஹனஃபிகளின் பழைய தீர்ப்பு. நான்காண்டு போதும் என்றார் இமாம் மாலிக் (ரஹ்). மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்) போன்ற ஹனஃபி அறிஞர்களே முன்வந்து மாலிகி மத்ஹபின் தீர்ப்பை ஏற்கச் செய்ததன் பயனாக, இந்தியாவில் 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் நான்காண்டு தகவல் இல்லையெனில் மனைவி நீதிமன்றத்தை நாடலாம் என்று வழி செய்திருந்தது. போர் நான்காண்டு நிறையுமுன் முடிந்துவிட்டது. திரும்பி வந்தவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு.

தஞ்சோங் பகாரில் குடும்பத்தோடு இருந்தவர்களுக்கோ பட்டினி இருந்தது, குண்டு விழுந்தது, மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. ஆயினும் இந்தப் பிரிவுத் துயர் இல்லை. சேர்ந்து வாடினார்கள், சேர்ந்து பிழைத்தார்கள்.

குடும்பம் இருந்தால் பிள்ளைகள் உண்டு. பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூடம் வேண்டும். போர் முடிந்த மறுஆண்டே, 1946இல், கடையநல்லூர் முஸ்லிம் லீகினர் தஞ்சோங் பகாரில் தமிழ்ப் பள்ளி ஒன்றைத் தொடங்கினர். செல்வர்கள் பள்ளிவாசல் கட்டிய ஊரில் மூட்டை சுமந்தவர்கள் பள்ளிக்கூடம் கட்டினார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி. எட்டயபுரத்து அவைக்களத்தில் இருந்து சீறாப்புராணம் பாடிய பெருமானின் பெயரைச் சிங்கப்பூர்த் துறைமுகத் தொழிலாளர்கள் தேடி எடுத்தது தற்செயலன்று. தம் பிள்ளைகள் முஸ்லிமாகவும் இருக்கவேண்டும், தமிழராகவும் இருக்கவேண்டும் என்ற எண்ணத்திற்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. 1960இல் அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்டு சிங்கப்பூரில் இருந்த ஒரே உயர்நிலைப் பள்ளி அதுவே. இந்துக்களும் கிறித்தவர்களும் அங்கே பயின்றனர்.

இதற்கிடையில் கதவுகள் சாத்தப்பட்டு வந்தன. 1953 ஆகஸ்டு முதல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் விரும்பியவர் விரும்பியபோது சென்ற காலத்தை முடித்து வைத்தது. மலாயாவில் 1959இல் வந்த திருத்தம் அதனினும் கடிது. கணவனைத் தொடர்ந்து ஐந்தாண்டு பிரிந்து வாழ்ந்த மனைவிக்கும், ஆறு வயது கடந்த பிள்ளைக்கும் இனி இடமில்லை என்றது அது. சிங்கப்பூரும் அவ்வாண்டிலேயே தன் கதவை இறுக்கியது. எந்த வழக்கத்தைக் குடும்ப மானம் என்று கடலோர ஊர்கள் நூறாண்டு போற்றினவோ, அந்தப் பிரிந்து வாழும் வழக்கமே இப்போது குற்றம்போல் எதிர்நின்றது. காலத்தே மனைவியை அழைத்துக்கொண்ட ஏழை உள்ளே இருந்தான். காத்திருக்கச் சொன்ன செல்வன் வெளியே நின்றான்.

1957இல் குடியுரிமைச் சட்டம், 1965இல் தனிநாடு, குடியுரிமை இல்லாதார்க்கு வேலை அனுமதிச் சீட்டு, 1971க்குள் பிரிட்டிஷ் படைத்தளங்களின் மூடுவிழா என்று அடுத்தடுத்து வந்தவை, தாள் இல்லாத பலரை ஊருக்கே அனுப்பின. ஒரே வீட்டில் தந்தைக்கு ஒரு கடவுச்சீட்டும் மகனுக்கு வேறு கடவுச்சீட்டும் என்ற நிலை உண்டாயிற்று.

எஞ்சியவர்கள் சிங்கப்பூரர் ஆயினர். அந்நாட்டரசு 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைத்து அடுக்குமாடிகளை எழுப்பியது. பலகைத் தட்டி அறைகள் இடிபட்டன. இருட்டறையில் இருந்தவர்க்குக் காற்றும் வெளிச்சமும் சொந்தக் குழாயும் கிடைத்தன. இதனைக் குறை சொல்வார் நன்றி மறந்தவரே. ஆனால் தஞ்சோங் பகாரின் நெருக்கம் தீவெங்கும் சிதறியது. பதினோராம் மாடியில் உலக்கை போட்டால் பத்தாம் மாடியார் பொறுப்பாரா? உரல் போயிற்று, உரலைச் சுற்றி அமர்ந்து பேசிய பேச்சும் குறைந்தது.

பேச்சு என்றதும் மொழியின் நிலை நினைவுக்கு வருகிறது. புதிய குடியிருப்பில் அடுத்த வீட்டார் மலாய் முஸ்லிம்கள். பிள்ளைகள் மார்க்கம் படிக்கச் செல்லும் இடத்தில் பாடம் மலாயில். பள்ளியில் தமிழ் கிடைப்பது அரிதாக இருந்தபோது, இரண்டாம் மொழியாக மலாயை எடுத்த தமிழ் முஸ்லிம் பிள்ளைகள் பலர். அவர்களைக் குற்றம் கூற நாம் துணியோம். மார்க்கமும் அண்டை வீடும் ஒருபுறம் இழுக்க, பாட்டியின் மொழி மட்டும் மறுபுறம் இழுத்தது. வீட்டுக்குள் இன்னொரு நுட்பமான மாறுதலும் நடந்தது. இராவுத்தர் குடும்பத்துத் தந்தை ஹனஃபி. மகன் ஓதியதோ ஷாஃபிஈ மத்ஹபின் பாடம். தந்தை ருகூவுக்குச் செல்கையில் கை உயர்த்தார், மகன் உயர்த்துவான். ஸுப்ஹுத் தொழுகையில் மகன் குனூத் ஓதுவான், தந்தை ஓதார். தந்தைக்கு அஸர் நேரம் வருமுன்பே மகன் தொழுது முடித்திருப்பான். இரண்டும் நேர்வழியே என்று அறிந்த வீடுகளில் இதனால் பிணக்கு வந்ததில்லை.

எழுத்தின் கதை இன்னும் உருக்கமானது. மலாய் மொழியையும் அரபு எழுத்தில் எழுதுவர். ஜாவி என்பது அதன் பெயர். ஜாவி கற்ற பேரப்பிள்ளை, பாட்டியின் பெட்டியில் உள்ள அரபுத்தமிழ் ஏட்டைத் திறந்தால் பெரும்பாலான எழுத்துகளைக் கூட்டி ஒலித்துவிடும். ட, ண, ள போன்ற சில இடங்களில் தட்டும். மற்றவை வாயில் வரும். பொருள்தான் வராது. ஓசையைப் பேரப்பிள்ளை அறியும், பொருளைப் பாட்டி அறிவாள்; பாட்டி மறைந்தபின் ஏடு ஊமையாகிவிடுகிறது.

உமறுப் புலவர் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. ஆங்கிலத்தில் பயின்றால்தான் வேலை என்றான பின் தமிழ்வழி வகுப்பில் சேரப் பிள்ளைகள் இல்லை. அடுத்த ஆண்டே அப்பெயர் தமிழ்மொழி நிலையம் ஒன்றுக்குச் சூட்டப்பெற்று, இன்றும் ‘உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம்’ என வழங்கி வருகிறது. அரசு நடத்தும் நிலையத்துக்கு, மூட்டை சுமந்தோர் தேர்ந்த பெயர் நிலைத்தது.

பழைய ஊரோடு உள்ள தொடர்பு என்ன ஆயிற்று என்று கேட்கலாம். சம்பாதித்ததைக் கொண்டு ஊரில் வீடு கட்டினர். அவ்வீடுகளுள் பூட்டிக் கிடப்பவை உண்டு. குடும்பம் முழுவதையும் அழைத்துக்கொண்டு ஒருவன் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்துவிட்டால் முன்னைய ஊர் வதன் ஆகாது என்பது ஹனஃபி நூல்களின் பொதுவிதி. ஆனால் வீடும் நிலமும் அங்கே எஞ்சியிருந்தால்? அப்போதும் ஆகாது என்பார் சிலர். ஆகும் என்பார் சிலர். மாமன் மகள் திருமணத்துக்கு மூன்று நாள் விடுப்பில் கடையநல்லூர் வரும் சிங்கப்பூரர், பூட்டிய தம் வீட்டைத் திறந்து லுஹரை இரண்டாகத் தொழுவதா நான்காகத் தொழுவதா என்பது இந்தக் கருத்து வேறுபாட்டில் தொங்குகிறது.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வேறொரு கூட்டம் சென்றுகொண்டிருக்கிறது. கணினி கற்றவரும் பொறியியல் பயின்றவரும் மனைவி மக்களோடு விமானத்தில் செல்கின்றனர். குறித்த அளவுக்கு மேல் சம்பளம் இருப்பின் குடும்பத்தை அழைத்துக்கொள்ள அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் செல்லும் தொழிலாளிக்கு வேலை அனுமதிச் சீட்டு உண்டு, குடும்பத்தை அழைக்கும் உரிமை இல்லை. அக்காலத்தில் ஏழை மனைவியோடு போனான். செல்வன் தனியே போனான். இன்று அது தலைகீழாயிற்று. தொழிலாளர் விடுதியில் பலரோடு ஓரறையில் படுத்து, கைப்பேசியின் கண்ணாடியில் பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் நம் இளைஞர்கள் பழைய மாடியறைச் சபுராளிகளே. ஆண்டுக்கணக்கில் தங்கினாலும் சிங்கப்பூர் அவர்களுக்கு வதன் இகாமத்துத்தான். ஒப்பந்தம் முடிந்து திருச்சியில் விமானம் இறங்கி, வழியில் ஒரு பள்ளியில் அஸரை இரண்டு ரக்அத்தாகச் சுருக்கித் தொழுதவர், இரவு ஊர் எல்லைக்குள் வந்ததும் இஷாவை நான்காகத் தொழுகிறார்.